அக்டோபர் ரெண்டு யாரு முறை?

மலையடிவாரம், சின்னமனூர் வழி
5.10.2022

அன்புள்ள மாப்ள பாண்டியராஜனுக்கு,

பங்கிராஸ் எழுதுவது. இங்கன நானும், நான் பார்த்துக்கிற முதியோர் இல்லத்துப் பெரியவர்கள் இருபத்தாறு பேரும் உயிரோட இருக்கோம். உன்னோட கொடை நாளுக்குப் பிறகும் உயிரோட இருக்கோம்னு சேர்த்துச் சொல்லணும். தங்கச்சி உமாதேவியைக் கேட்டதாகச் சொல்லவும்.

போன்ல கூப்பிடாம இவன் ஏன் காயிதம் போடுறான்னு நினைப்ப. போன்ல நீ என்னை ஒரு நாளும் முழுசாப் பேச விட்டதில்ல. காயிதத்துல குறுக்க பேச முடியாதுல்ல, அதான்.

விசயத்துக்கு வாரேன். நீயும் உன் விவசாயிகள் சங்கமும் ரெண்டு வருசமா அக்டோபர் ரெண்டாந்தேதியைக் கொடை நாள்னு வச்சிருக்கீக. போன ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு முதல் வேன் வந்துச்சு, பொங்கல். ஒன்பதரைக்கு ரெண்டாவது வேன், எலுமிச்சம்பழச் சோறு. பதினோரு மணிக்கு இட்லி கொண்டாந்தவுக, எங்க கண்ணு முன்னால சாப்பிட்டாத்தான் மனசு நெறையும்னு சொல்லி நின்னுக்கிட்டாக. பொழுது சாயிறதுக்குள்ள ஏழு சாப்பாடு. ராக்கையாவுக்கு எண்பத்திரண்டு வயசு, ஏழு தடவை கை கழுவி உக்காந்தாரு. அஞ்சாவது இலையில அவரு என்னைப் பார்த்த மாதிரி, முப்பது வருச வாத்தியார் வேலையில எந்தப் பயலும் என்னைப் பார்த்ததில்ல.

இன்னொண்ணு. காந்தி ஜெயந்திக்குக் கறிக்கடை மூடியிருக்கும். வருசம் பூரா ஒரு துண்டு கறிக்கு ஏங்குற சனத்துக்கு, கறிக்கடை மூடுற நாளாப் பார்த்துக் கொடை நாள் குறிச்சது யாரு யோசனை? போர்வை நூத்திப் பதினாலு வந்திருக்கு. எங்ககிட்ட உடம்பு இருபத்தாறுதான்.

ஆனா போன ஜூலையில ஒரு புதன்கிழமை ஸ்டோர்ல அரிசி கிடையாது. அடுப்பு பத்த வைக்கல. சமையல் பண்ற முனீஸ்வரி பக்கத்துத் தோட்டத்துல போயி, அவுக வீட்டு அடுப்புலயே மரவள்ளிக் கிழங்கு அவிச்சுக் கொண்டாந்தா. அன்னைக்கு ஒரு வேனையும் காணோம். புதன்கிழமையும் பசிக்கும் மாப்ள. கொடை நாளைத் தூக்கிப் போட்டுட்டு, முடிஞ்ச முடிஞ்ச நாள்ல குடுங்கன்னு சொல்லு.

அன்புடன்,
பங்கிராஸ்

*

மார்க்கையன்கோட்டை
12.10.2022
கௌமாரியம்மன் துணை

ஏலே மச்சான்,

உன் லெட்டரை உமாதேவிதான் சத்தமா வாசிச்சா. எலுமிச்சம்பழச் சோறுக்குச் சிரிக்க ஆரம்பிச்சவ போர்வை வரைக்கும் நிறுத்தல. எனக்குச் சிரிப்பு வரல. அறுப்பு நேரத்துல களத்தை விட்டுட்டு வீடு வீடா ஏறி இறங்குனவன் நான். நீ என்னடான்னா போர்வையை எண்ணிக்கிட்டு இருக்க.

நாளுன்னு ஒண்ணு வைக்காட்டி நம்ம ஆளுக அசைய மாட்டாங்கலே. தீபாவளி இல்லாட்டி எவன் எண்ணெய் தேச்சுக் குளிப்பான்? கல்யாண நாளை உமாதேவி காலண்டர்ல வட்டம் போட்டு வைக்காட்டி நான் பூ வாங்கியாருவேனா? குடுக்கணும்னு எல்லாருக்கும் மனசு இருக்கு, ஆனா அந்த மனசு நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போகும். இன்னைக்குத்தான்னு சொன்னாத்தான் கை பைக்குள்ள போகும்.

சரி, உன் இஷ்டம். கொடை நாள் இனிமே கிடையாது, முடிஞ்சப்ப குடுங்கன்னு சங்கக் கூட்டத்துல நேத்தே சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. மூணு மாசத்துல நீயே என் வீட்டு வாசல்ல வந்து நிப்ப.

கறிக்கடை விசயம் எனக்குத் தோணாமப் போச்சு. அதுல மட்டும் நீ சொல்றது சரி. போர்வையைத் திருப்பி அனுப்பிராத, எங்க அக்கா குடுத்தது அதுல இருக்கு. அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது.

கோபத்துடன்,
பாண்டியராஜன்

*

மலையடிவாரம்
22.1.2023

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ அனுப்புன கரும்பு வந்துச்சு. பல்லு இருக்கிற நாலு பேரு சாப்பிட்டாக.

உன் வாசல்ல வந்து நிக்கல, அதனால காயிதத்துலயே நிக்கிறேன். நீ சொன்னதுதான் நடந்துச்சு. மூணு மாசத்துல எங்களுக்கு வந்தது ஒரு பொறந்தநாள் கேக்கும் ரெண்டு தார் வாழைப்பழமும். அந்தப் பழமும், லாரி பஞ்சராகி நின்னுபோச்சு, ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கனிஞ்சிரும்னு டிரைவர் இறக்கி வச்சுட்டுப் போனது. கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல இருந்து அரிசி வந்ததால டிசம்பர் தப்பிச்சுச்சு. அதுவும் ஒரு நாள் குறிச்சு வந்ததுதானேன்னு நீ கேக்கிறதுக்கு முந்தி நானே ஒத்துக்கிறேன்.

இப்பத்தான் நிஜமான கவலை. இல்லத்தை நடத்துற டிரஸ்ட்ல இருந்து கடிதம் வந்திருக்கு. ஜூலையில இவாஞ்சலின்னு ஒரு மேடம் வந்து பார்ப்பாக. போன ஜூலை மாதிரி அடுப்பு எரியாத நாள் இன்னும் ஒண்ணு இருந்தாலும் இல்லத்தை மூடிருவாகளாம். ஆம்பளைகளை மதுரை இல்லத்துக்கும் பொம்பளைகளைத் திண்டுக்கல் இல்லத்துக்கும் அனுப்பிருவாகளாம்.

எங்ககிட்ட புருசன் பொஞ்சாதியா இருக்கிறது ராக்கையாவும் அக்கம்மாளும் மட்டும்தான். அம்பத்தெட்டு வருசக் குடித்தனம். காலையில அந்தம்மா திட்டுற சத்தத்துலதான் மத்தவுக எந்திரிக்கிறதே. விசயத்தைச் சொன்னதும் ராக்கையா, "அப்பாடா, மதுரையில நிம்மதியா இருப்பேன்"னாரு. அக்கம்மாள் சாயங்காலம் தனியா வந்து, "அந்தாளு இல்லாம நான் யாரைத் திட்டுவேன் சாரு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மாப்ள, ஏதாச்சும் செய்யி.

அன்புடன்,
பங்கிராஸ்

*

மார்க்கையன்கோட்டை
10.2.2023

ஏலே மச்சான்,

உன் லெட்டரை வாசிச்சு முடிச்சுட்டு உமாதேவி ரெண்டு நாளா என்கிட்டப் பேசல. ராக்கையா சொன்னதை நான் சொன்னதா நினைச்சுக்கிட்டா போல.

வழி கண்டுபிடிச்சிட்டேன். வாய்க்கால் கரையில நிக்கும்போது தோணுச்சு. எல்லா வயலுக்கும் ஒரே நாள்ல தண்ணி விட்டா என்ன ஆகும்? முதல் வயல் அழுகிப் போகும், மறுநாள் எல்லாம் காயும். அதுக்குத்தானே முறை வச்சுப் பாய்ச்சுறோம். சோத்துக்கும் முறை வச்சா என்ன?

நேத்து சங்கத்துல சீட்டுக் குலுக்கிட்டோம். நம்ம வாய்க்கால்ல பாயிற நூத்திருபது வீடும், வீட்டுக்கு மூணு நாள். மிச்ச நாளுகளைச் சங்கம் பார்த்துக்கிரும். அன்னைக்கு உண்டான அரிசி, காய், கறி எல்லாம் அவுக பொறுப்பு. காலண்டர்ல பேரு எழுதி அனுப்பியிருக்கேன், முனீஸ்வரிகிட்டக் குடு. மார்ச் ஒண்ணுல இருந்து ஆரம்பம்.

ஒரே ஒரு நாளைச் சீட்டுல எழுதல, அக்டோபர் ரெண்டு. அன்னைக்குத்தான் ஊரே குடுக்குமே, அதுக்கு எதுக்கு முறை?

இப்படிக்கு,
யோசனைக்காரன் பாண்டியராஜன்

*

மலையடிவாரம்
24.7.2023

அன்புள்ள யோசனைக்காரருக்கு,

அஞ்சு மாசமா இங்கன அடுப்பு அணையல. முதல்ல அதைச் சொல்லி உனக்கு ஒரு கும்பிடு போட்டுடுறேன். இனி திட்டுறேன்.

உன் ஆளுக இதைத் தண்ணி முறைன்னே நினைச்சுட்டாக. ஈஸ்வரபாண்டிக்கு வேற சோலி வந்ததால தன் நாளைச் சாலமனுக்கு மாத்தி விட்டாரு. அப்புறம் மனசு கேக்காம அவரும் வந்துட்டாரு. ரெண்டு பேரும் கேட்டுல நின்னு, "என் முறையில நீ எப்படிச் சோறு போடலாம்"னு சண்டை. ஒருத்தரு விடியக்காலையிலயே வந்து, முறைக்காரரு வர்றதுக்கு முந்தி இட்லியைப் போட்டுட்டு ஓடிட்டாரு. முறையைத் திருடிட்டான்னு பஞ்சாயத்து என்கிட்ட வருது. வாய்க்கால் கடைசியில பாயிற கடைமடைக்காரவுக, எங்களுக்கு மட்டும் எப்பப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமையே விழுது, கறி போட முடியலன்னு குறைப்படுறாக. நேத்து வந்தவன் கறிக்குழம்பு ஊத்தி வயித்தை ரொப்பிட்டான், இன்னைக்கு நான் கொண்டாந்ததை யாரும் தொட மாட்டேங்கிறாகன்னு ஒருத்தரு கண் கலங்குனாரு. முந்துன நாளுக்காரன், அதான் மேமடைக்காரன், அளவாப் பாய்ச்சணும்னு சட்டம் போடச் சொல்றாரு.

இந்த லட்சணத்துல போன வியாழக்கிழமை இவாஞ்சலின் மேடம் வந்தாக. நேரா ஸ்டோர் ரூமுக்குப் போனாக. காலி. தினம் தினம் வர்றதை அன்னன்னைக்கே சமைச்சா அங்கன என்ன இருக்கும்? ஃபைல்ல எழுத ஆரம்பிச்சுட்டாக. முனீஸ்வரி ஓடிப் போயி காலண்டரைக் கழட்டிக் கொண்டாந்து, நாளைக்கு யாரு, நாளான்னைக்கு யாருன்னு படபடன்னு சொன்னா. மேடம் தாளைத் தாளாப் புரட்டிப் பார்த்தாக. அக்டோபர் ரெண்டுல விரல் நின்னுருச்சு.

"இந்த ஒரு நாள் ஏன் காலி?"

நீ கொடை நாளையும் எடுத்துட்ட, சீட்டுலயும் எழுதலன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. மேடம் ஃபைலை மூடிட்டு, "அக்டோபர் ரெண்டு மத்தியானம் வருவேன். அன்னைக்கும் அடுப்பு எரிஞ்சா இல்லம் இருக்கும், இல்லாட்டி பிரிச்சு அனுப்பத்தான் வேணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாக. அப்பயிருந்து அக்கம்மாள் அந்தக் காலண்டரைத் தன் கட்டில்ல வச்சுக்கிட்டு யாருக்கும் குடுக்கிறதில்ல.

எனக்குக் கண்ணுல புரை ஆப்பரேசன் செப்டம்பர் முப்பது, மதுரையில. அக்டோபர் ரெண்டுல நான் மக அமுதா வீட்டுல கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடப்பேன். உன்னை நம்பித்தான் போறேன்.

அன்புடன்,
பங்கிராஸ்

*

மார்க்கையன்கோட்டை
27.9.2023

ஏலே மச்சான்,

ஆப்பரேசனுக்குப் போற ஆளுகிட்டச் சொல்லக் கூடாதுதான், ஆனா சொல்லாட்டி எனக்கு வெடிச்சிரும்.

அக்டோபர் ரெண்டுக்குப் பதினோரு பேருகிட்டக் கேட்டுட்டேன். பதினோரு பேரும் ஒரே பதில். "அன்னைக்கு ஒரு இடத்துல சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்காக தலைவரே, தட்ட முடியாது." புரட்டாசியில எவன்லே விசேசம் வைக்கிறான்? சாலமனைத் துருவிக் கேட்டேன், சிரிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். கொடை நாள் இருந்தப்ப ஏழு வேன் வந்துச்சு. அதை எடுக்கச் சொன்னவன் நீ, எடுத்தவன் நான், ரெண்டு பேருமே மடையனுக.

பரவாயில்ல. நானும் உமாதேவியும் சமைச்சுக் கொண்டு போறோம். நீ கண்ணை மட்டும் பாரு.

பாண்டியராஜன்

*

மார்க்கையன்கோட்டை
3.10.2023

ஏலே மச்சான்,

உன் கண்ணுல கட்டு இருக்கும், இதை வாசிக்கிறது அமுதாதான். ஆத்தா அமுதா, உங்கப்பனைத் திட்டியிருக்கிற இடத்தை மரியாதை பார்த்து விட்டுராத, அப்படியே வாசி.

நேத்து விடியக்காலையில இருந்து நானும் உங்கத்தையும் நின்னு மூணு அண்டா தக்காளிச் சோறு கிண்டி, மினி லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம். இல்லத்து வாசல்ல பார்த்தா அம்பது பைக்கு. ஐயோ, எந்தப் பெருசு போயிருச்சோன்னு உள்ள ஓடுனேன்.

உள்ள நம்ம சங்கத்து ஆளுக வரிசையா இலை போட்டு உக்காந்திருக்கானுக. ஈஸ்வரபாண்டி, சாலமன், என்கிட்டச் சாக்குச் சொன்ன பதினோரு பேரும். பரிமாறுறது பூராவும் உங்க பெரியவுக. முனீஸ்வரியை அடுப்புப் பக்கமே விடலயாம், ஒரு சேர்ல உக்காந்து எது எங்கன இருக்குன்னு கையைக் காட்டிக்கிட்டு இருக்கா. அக்கம்மாள் மொச்சைக் குழம்பைக் கிண்டிக்கிட்டே, உப்பு பத்தலன்னு சொன்ன ராக்கையாவைத் திட்டிக்கிட்டு இருக்கு.

காலண்டர் செவுத்துல தொங்குது. அக்டோபர் ரெண்டுல, "ராக்கையா அக்கம்மாள் வகையறா"ன்னு எழுதியிருக்கு. முதியோர் பென்சன்ல கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி, முறைக்குச் சோறு கொண்டாந்த ஒவ்வொருத்தன்கிட்டயும் ரெண்டு மாசமாச் சொல்லி வச்சிருக்காக, அன்னைக்கு எங்க முறை, வந்து சாப்பிட்டுட்டுப் போகணும்னு. நம்ம ரெண்டு பேருகிட்ட மட்டும் சொல்லல. உன்கிட்டச் சொன்னா நீ காசை எடுத்துக் குடுப்பியாம். என்கிட்டச் சொன்னா நான் பந்தல் போட்டு மைக் கட்டிருவேனாம்.

அண்டாவை இறக்கப் போனேன். ராக்கையா வந்து மறிச்சாரு. "தலைவரே, நீங்க வச்ச முறையை நீங்களே மீறலாமா? கையைக் கழுவிட்டு உக்காருங்க"ன்னாரு. உக்காந்தேன். ரெண்டாந்தரம் சோறு வைக்க வந்தாரு. கூச்சமா இருந்துச்சு, போதும்னு இலையை மறைச்சேன். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க, வேணுங்கிற அளவுக்கு இருக்கு"ன்னாரு. மச்சான், இதே வார்த்தையை நான் அவருகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நல்ல வார்த்தைன்னுதான் நினைச்சிருந்தேன். இலையை மறைச்ச கையை எடுத்துட்டேன்.

அந்த நேரம் பார்த்து இவாஞ்சலின் மேடம் ஃபைலோட வந்தாக. அடுப்பைப் பார்த்தாக, ஆளுகளைப் பார்த்தாக, ஒண்ணும் பிடிபடல. யாரு யாருக்குச் சோறு போடுறாகன்னு கேட்டாக. ராக்கையா கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னாரு: "இன்னைக்கு எங்க முறைம்மா. வருசா வருசம் இந்த நாளு எங்களுக்குன்னு எழுதியாச்சு. என்னை மதுரைக்கும் இவளைத் திண்டுக்கல்லுக்கும் அனுப்பிட்டீகன்னா, அடுத்த வருசம் இந்தச் சனத்துக்கு யாரும்மா சோறு போடுவா?"

மேடம் ஃபைலை முனீஸ்வரி கையில குடுத்துட்டு, கை கழுவ எங்கன போகணும்னு கேட்டாக. சாப்பிட்டு எந்திரிச்சுத்தான் கையெழுத்துப் போட்டாக. இல்லம் இருக்கு மச்சான். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்காக. கண்ணுல மருந்து போட்டிருக்கு, அழுதிராத.

எங்க தக்காளிச் சோத்தை ஒருத்தனும் தொடல. மூணு அண்டாவையும் திருப்பி ஏத்திக்கிட்டு வந்தோம். வர்ற வழியில களத்துல நெல்லு தூத்திக்கிட்டிருந்த சனத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி, சாப்பிடுங்கன்னு இறக்கி வச்சோம். ஒரு பொம்பள கேட்டா, "என்னண்ணே, இன்னைக்கு என்ன விசேசம்?"

"ஒண்ணுமில்லத்தா, திங்கக்கிழமை"ன்னு சொன்னேன்.

உன் மாப்ள,
பாண்டியராஜன்