தம்பி பெயரை எழுதியவர்

3 ஆகஸ்ட் 1943, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. மறுபடியும் மரவள்ளிக்கிழங்கு. தம்பி தாவீதை ஜப்பானியர் லாரியில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப்போய் இன்றோடு ஒன்பது நாள். ஒரு தகவலும் இல்லை.

தேக்கா சந்தை ரேஷன் வரிசையில் ஞானமுத்து. எங்கள் தெருவில் அந்த வேலைக்கு ஆள் பட்டியல் எழுதுபவர்; எங்கள் சபைக்காரர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தம்பி பெயரை எழுதியது அவர் கைதான். சட்டையைப் பிடித்துவிட்டேன். "என் தம்பிய வித்துட்டியேடா!" எல்லார் முன்னாலும். அவர் அரிசி வாங்காமல் போய்விட்டார்.

4, புதன்
வரிசையில் யாரோ சொன்னது காதிலேயே நிற்கிறது: "லிஸ்ட் அவரு கையில. அவருகிட்ட போய் மோதுறான் பாரு." அடுத்த பட்டியல் சனிக்கிழமையாம். எனக்கு மூன்று பிள்ளைகள். லாரி சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

என் மனைவி எஸ்தர்: "போய் மன்னிப்புக் கேளுங்க."
"பயந்துபோய்க் கேக்கறதா?"
"பயந்தாவது கேளுங்க."

சோப்பு தீர்ந்தது. சின்னவளுக்கு இருமல்.

5, வியாழன்
சகோதரன்மேல் குறை இருந்தால் தனியே போய்ப் பேசு என்கிறது வேதம். முதலில் கேள், பிறகு பேசு என்றும். நான் செய்தது தலைகீழ்.

மாலை போனேன். ஞா. வீட்டு வாசலில் ஒரு ஜப்பானியன், கையில் காகிதம். திரும்பிவிட்டேன். அதில் என் பெயரா?

6, வெள்ளி
காலையிலேயே போனேன். மன்னிப்புக் கேட்டேன். பாதி பயத்தில்தான். பிறகு, சத்தம் போடாமல்: "ஏண்ணே தம்பி பேர எழுதினீங்க?"

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். காத்திருந்தேன்.

"வீட்டுக்கு ஒருத்தர்னு உத்தரவு. நான் மொதல்ல எழுதினது உன் பேரு. தாவீது வந்து கெஞ்சினான். 'அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்கு, என் பேர எழுதுங்க, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க'ன்னான். வாக்குக் குடுத்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

"அத்தன பேர் முன்னால சொன்னா நீ தாங்குவியா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன், தெரியவில்லை.

7, சனி
பட்டியலில் என் பெயர் இல்லை. நிம்மதியும் இல்லை. தாவீது செய்ததை எஸ்தரிடம் சொன்னேன். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் ஞா. வந்தார். வடக்கே போகும் லாரிக்காரன் ஒருவன் தெரிந்தவனாம். "தம்பிக்குக் கடுதாசி எழுதிக் குடு. சேருமான்னு சொல்ல முடியாது. எழுது."

'அன்புள்ள தாவீதுக்கு' வரை எழுதியாயிற்று. அதற்குமேல் ஓடவில்லை. ஞா. அவசரப்படுத்தாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.