கொசு இல்லாத ஊரில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஒரு மாதிரி இருக்கிறோம், நீ அங்கே முழு நலமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கும் பாதி நலம் வந்துவிடும். போன வாரம் போனைப் பட்டென்று வைத்துவிட்டாய், அதில் எனக்குக் கோபமில்லை. எனக்கும் போனில் கோவையாகப் பேச வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. முழங்கால் வலிக்காக என்னை இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்கு வெளியே அனுப்புவதில்லை, பட்டறையிலேயே உட்கார்ந்து பழைய மோட்டார்களைப் பிரித்து மாட்டுகிறேன், கூட வேலை செய்கிறவன் "பெரியவருக்கு ராஜ வாழ்க்கை" என்று கேலி செய்கிறான். மாடி வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார்கள்.

உன் அண்ணன் மகளைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறோம். பிறந்தபோது உருண்டையாக இருந்தவள், குப்புற விழத் தொடங்கியதிலிருந்தே வெளுத்துக்கொண்டு வந்தாள், பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுவாள். பல் முளைக்கிற நேரம் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தெருமுனை டாக்டர் இரும்புச் சத்து டானிக் கொடுத்தார், அது தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தார், ஜன்னலோரம் காலி பாட்டில்கள் வரிசை கட்டியதுதான் மிச்சம். வயிறு வீங்கவும் உன் அண்ணி பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே குழந்தையைப் பார்த்த டாக்டரம்மா அண்ணனுக்கும் அண்ணிக்கும் சேர்த்தே இரத்தம் எடுத்துப் பார்த்தார். தலசீமியா என்றார். குழந்தையின் உடம்பில் நல்ல இரத்தம் தானாக ஊறாதாம், சில வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் இரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்ற ஏற்ற இரும்பு சேர்ந்துவிடும், அதை வெளியேற்றத் தனியாக மருந்து. நாங்கள் மாதக்கணக்கில் அதே இரும்பை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

உன் அண்ணன் பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றது உனக்கு நினைவிருக்கும், அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்து ஜனம், நாம் இந்தப் பக்கம், இரண்டு குடும்பமும் இந்தக் குளிர் தேசத்துக்குப் பிழைக்க வந்து சேர்ந்தவர்கள். "சொந்தத்துல கட்டினாத்தான் வம்பு, இவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, பிள்ளைங்க கல்லு மாதிரி பிறக்கும்" என்று கல்யாணத்தன்று நான்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அதை டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மலேரியாக் கொசுக் காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் இந்தக் குறையைப் பாதியாக உடம்பில் வைத்திருந்தவர்கள் தப்பிப் பிழைத்தார்களாம், அதனால் நம் பக்கத்திலும் அது நிறைய, அண்ணி பக்கத்திலும் நிறைய. பாதி இருந்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பாதி ஒரே குழந்தைக்கு வந்துவிட்டால்தான் ஆபத்து. முன்பெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு குழந்தையைப் பார்ப்பதே அபூர்வமாம், நம்மைப் போன்றவர்கள் வந்து குடியேறிய பிறகு இதற்கென்றே ஒரு தனி அறை. இந்த ஊரில் கொசுவே இல்லை அம்மாடி. காவலுக்கு வந்தது, காக்க வேலையில்லாத இடத்தில் நம் குழந்தையைப் பிடித்துக்கொண்டது.

முதல் தடவை இரத்தம் ஏற்றிய அன்று நானும் சம்பந்தியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் தரைக்குக் கல் பதிக்கிறவர், விரலெல்லாம் சிமென்ட் தின்ற வெடிப்பு. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டதோடு சரி, அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது. திடீரென்று அவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை நரம்பைத் தட்டிக் காட்டினார், பிறகு உள்ளே குழந்தையைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதார். தன்னால்தான் என்கிறார். நானும் என் கையை நீட்டி இல்லை என்னால்தான் என்று காட்டினேன். அப்படியே வெகுநேரம் அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவர் சொன்னது சரி, நான் சொன்னதுதான் தவறு. நம் பக்கத்தில் அது உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அதிலிருந்து அவள் குழந்தையைத் தூக்கவே இல்லை, துணி மடிப்பதும் பாத்திரம் தேய்ப்பதுமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். ஒருநாள் அண்ணி நேராக அடுப்படிக்குப் போய், நம்மிடம் பழகிய தமிழில், "எங்கப்பாகிட்ட நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனா அத்தை? அப்புறம் நீங்க மட்டும் ஏன் ஒளியிறீங்க?" என்று கேட்டு, ஈரக் கையோடு இருந்தவளிடம் குழந்தையைத் திணித்துவிட்டு வந்துவிட்டாள். இரத்தம் ஏற்றிய சில நாட்களுக்குக் குழந்தை கன்னம் சிவந்து, என் கண்ணாடியைப் பிடுங்கி எறிகிற அளவுக்குச் சேட்டை செய்கிறாள். வாரம் போகப் போக மறுபடி வெளுக்கிறாள். மாற்று எலும்பு மஜ்ஜை என்று ஏதோ சொல்கிறார்கள், பொருத்தமாக யாரும் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது உன் கல்யாண விஷயம். போனில் நான் பரிசோதனை என்றதும், "அவரு வேற நாட்டுக்காரர்ப்பா, எங்களுக்கு எப்படி வரும்?" என்றாய். நான் கல்யாணத்தில் அடித்த அதே ஜோக். அவரும் கொசுக் காய்ச்சல் உலவிய வெயில் தேசத்துப் பிள்ளைதானே. நான் உன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைத்துவிடாதே, இரண்டு பேருக்கும் இருந்தாலும் கட்டிக்கொள்ளுங்கள், முழங்காலை நீவிக்கொண்டாவது விமானம் ஏறி வந்து முன்வரிசையில் உட்காருவேன். தெரிந்துகொண்டு செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் டாக்டர்கள் வழி சொல்கிறார்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்திருக்கக்கூடியதை ஒரு குழந்தை உடம்பால் தெரிந்துகொண்டோம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீயும் அவரும் நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டும். பரிசோதனையை மறக்காதே, முடிவு எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்.

உன் அம்மாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன், பேனாவை வாங்க மாட்டேன் என்றாள். அப்படியானால் நான் என்ன எழுத என்று கேட்டதற்கு, "என்கிட்டருந்து அவளுக்கும் வந்திருந்தா என்னை மன்னிச்சிரச் சொல்லுங்க" என்றாள். எழுதத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம், அதை எழுதாதீங்க, முடி கொட்டுறது நின்னுச்சான்னு மட்டும் கேளுங்க" என்றாள். கேட்கிறேன். முடி கொட்டுவது நின்றதா?

இப்படிக்கு
உன் அப்பா