ஆறு கொண்டுபோன சவரிக்கு

என் சவரிமுத்து மச்சானே,

எந்தத் திசையில் இருக்கிறாய் என்று தெரியாமலே உன்னைக் கூப்பிடுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஞானம்மா எழுதுகிறாள். கல்லறைத் திருநாளன்று உங்கள் கோயில் வாசலில் இதை வாசிப்பாளாம். வாசிக்கட்டும். நாலு பேர் கேட்கட்டும்.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் வந்த வெள்ளத்தில் அக்கரைக் கல்லறைத் தோட்டத்தின் ஆற்றோரம் இடிந்து விழுந்துவிட்டது. உன் குழி அதோடு போய்விட்டது. சிலுவையும் இல்லை, மண்மேடும் இல்லை. உன் பக்கத்தில் கிடந்தாளே, பிரசவத்தில் போன அந்தச் சின்னப் பெண், அவளும் இல்லை. மண்ணில் வைத்த மனுஷனைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகுமா மச்சான்? மனசு இன்னும் ஒப்பவில்லை.

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுப் பகலெல்லாம் பட்டு நெய்தால், சாயங்காலம் அந்தக் கால் நம் கால் மாதிரியே இருக்காது. அதற்காகத்தானே நடக்க ஆரம்பித்தோம்? தெருமுனையில் இறங்கி, பனைவரிசை ஓரமாகப் போய், மணலில் ஆற்றைத் தாண்டி, அக்கரையில் கல்லறைத் தோட்டத்து வேலியை ஒட்டித் திரும்பி, கோட்டைப் பக்கத்துத் துறையில் மறுபடி தாண்டி ஊருக்குள் ஏறுவோம். போன வழியே திரும்பி வர உனக்குப் பிடிக்காது.

"பாத்த மரத்தயே எத்தினி தபா பாக்கறது மச்சான், பேஜாரு" என்பாய்.

"நாளைக்கும் இதே மரத்ததானடா பாக்கப்போறோம்" என்றால், "அது நாளைக்கி மரம்" என்பாய். உன்னோடு பேசி ஜெயித்தவன் யார்?

நீ படுக்கையில் விழுந்தபோது பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. எங்கள் ஆட்கள் இடுகாட்டுக்குள் கால் வைத்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. அது உன் நினைவில் இருந்திருக்கிறது.

"என்னப் பாதை ஓரமா வெக்கச் சொல்லு மச்சான். தெனம் உள்ள வந்தின்னா தெனம் தலை முழுவிகினு நிப்பே. இருமலு வேற உனக்கு. வேலிக்கு வெளியவே நின்னு பேசிட்டு, போய்கினே இரு."

"செத்தும் என் காத உடமாட்டியா?"

"நான் எங்க பேசப்போறேன்? இனிமேட்டு உன் மொற."

உங்கள் கோயில் உபதேசியார் கல்லறைத் தோட்டத்து மேட்டில் நல்ல இடம்தான் காட்டினார். நீ சொன்ன சொல்லுக்காக ஓரத்தில் வைத்தார்கள். மேட்டில் கிடப்பவர்கள் இன்றைக்கும் அப்படியே கிடக்கிறார்கள். எனக்கு இருமல் வரக்கூடாது என்று நினைத்த உன்னை ஆறு முதலில் எடுத்துக்கொண்டது. இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? உன் சாமியிடமா, என் சாமியிடமா?

நான் சும்மா இருக்கவில்லை மச்சான். புரட்டாசிக் கடைசியிலேயே பாதை சரிந்தது. அப்புறம் முள்வேலி. உன் தலைமாட்டுப் பக்கம் வெடிப்பு ஓடியதைப் பார்த்துவிட்டு உபதேசியாரிடம் ஓடினேன். உன்னை எடுத்து மேட்டில் வைக்கச் சொல்லி அவர் காலைப் பிடிக்காத குறைதான்.

"பங்குச் சாமியார் வராம குழியத் தொடக்கூடாதுங்க பெரியவரே."

"அவர் எப்போங்க வருவாரு?"

"மழ உட்டதும் ஆத்தத் தாண்டி வருவாரு."

"ஆறு அதுக்கு முன்னாடி வந்துடுங்களே!"

அவர் நல்ல மனுஷன். ஆனாலும் குழியைத் தொட விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளம் வந்த அன்று நானும் ஞானம்மாவும் இக்கரையில் நின்றோம். தாண்ட வழியில்லை. கரை துண்டு துண்டாக விழுந்தது. செம்மண் கட்டிகள் தண்ணீரில் புரண்டு போயின. "அதுல எது மாமா எங்கப்பன்?" என்று கேட்டாள்.

இப்போது நம் பாதையை ஆறு அறுத்த இடம் வரைக்கும் போய், போன வழியே திரும்பி வருகிறேன். களம்பூர்ப் பக்கம் புதிதாக ரயில் ஓடுகிறது என்று உன்னிடம் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுவேன்? வேலி ஓரம் நின்று பேசினால், கேட்கிறவன் அங்கே இருக்கிறான் என்று ஒரு நிச்சயம் இருந்தது. இத்தனை வருஷம் நீ செத்துப்போனதாக எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் செத்திருக்கிறாய்.

திருநாளுக்கு எல்லாரும் அவரவர் குழிக்கு மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஞானம்மாவும் வாங்கி வைத்திருக்கிறாள். "எங்க மாமா வெக்கறது?" என்கிறாள்.

தண்ணீர் வடிகிறது. மணல் திட்டுகள் தலை காட்டும். அங்கே எலும்பு கிடந்தால் அது நீயா, அந்தச் சின்னப் பெண்ணா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் முகம், உன் நடை, நீ செருமுகிற சத்தம், எல்லாம் எனக்குள் இருக்கிறது. உன் எலும்பை நான் பார்த்ததில்லையே, சவரி.

இதைச் சொன்னதும் ஞானம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். மறுபடி மையைத் தொட்டுக்கொண்டு, "சொல்லுங்க மாமா, எழுதறேன்" என்றாள்.

சொல்கிறேன். யாராக இருந்தாலும் பொறுக்கி எடுப்பேன். யார் தடுத்தாலும் மேட்டில் கொண்டுவந்து வைப்பேன். நீ என்று நினைத்து அந்தப் பெண்ணை வைத்தாலும் வைப்பேன். கீழே, நம் ஆறு போய்ச் சேருகிற செய்யாற்று மணலில் உன்னை இப்படி எடுத்து வைக்க ஒருவன் இருப்பானா? இருப்பான் என்று நம்ப முடியவில்லை. ஆனாலும் என் கண்ணில் படுகிற ஒருத்தரையும் மணலில் விடமாட்டேன். இது என் வாக்கு.

உன் மகளுக்கு மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கன்னியப்பன்