பூச்சேலையில் அம்மா நின்ற படங்கள்

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்ரீதேவிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஆக்லாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், கை ஓடவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் தொடங்குவதற்குள் நீ அழுதுவிடுகிறாய், நான் போனை வைத்துவிடுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாக வாசி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தாலும் போதும், ஆனால் வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

உன் தம்பி முத்துசெல்வத்துக்கு நாசிக்குக்கு மாற்றல் ஆகிவிட்டது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறான், வந்தால் அம்மாவுக்கு நகம் வெட்டிவிடுவது அவன் வேலை, என்னைக் கிட்டே விடமாட்டாள். நம் பில்டிங்கை இடித்துக் கட்டப்போவதாகக் குடியிருப்போர் சொசைட்டியில் மீட்டிங் மேல் மீட்டிங் நடக்கிறது, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது. நீ கேட்டது இது எதுவும் இல்லை என்று தெரியும். முத்துசெல்வம் அனுப்பிய அம்மாவின் படங்களைப் பார்த்துவிட்டுப் போன மாதம் நீ போனில் கேட்டாய், "நெனப்பு இருந்தா அம்மா இதுக்கு ஒத்துக்குவாளாப்பா, போட்டோன்னாலே கதவுக்குப் பின்னால போயி நிப்பாளே, புத்தி தப்புன நேரத்துல பூச்சேலையக் கட்டி கார்டன்ல நிறுத்தி வேடிக்கை காட்டுறீங்களா, நிறுத்துங்க" என்று. என்னிடம் முழுப் பதில் கிடையாது, நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நீயே யோசித்துக்கொள்.

மழை ஓய்ந்து வெயில் திரும்பின சமயம், அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம், நான் கீழே மருந்துக் கடைக்குப் போய்விட்டுக் கால் மணி நேரத்தில் வந்தேன், கதவு திறந்து கிடக்கிறது, அம்மாவைக் காணோம். கட்டிலுக்கு அடியில் கிடக்குமே ஒரு பழைய பச்சை சூட்கேஸ், அது நடு ஹாலில் திறந்து கிடந்தது. உள்ளே எல்லாம் சேலை, எல்லாம் பூப்போட்ட சேலை, நைலக்ஸ் சேலை, வாயல் சேலை, பெரிய ரோஜாவும் சின்ன டெய்சியும் போட்டவை, எண்பதுகளில் நம் தாராவிக் கடையில் நானே விரித்துக் காட்டி விற்ற சேலைகள், மடிப்புக்கூடக் கலையவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவள் கடையில் ஒன்று எடுத்துப் போவாள், ஊரில் இருக்கிற தங்கச்சிகளுக்கு அனுப்பத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நின்று யோசிக்க நேரம் இல்லை, கீழே ஓடினேன், வாட்ச்மேன் பின்பக்கம் கையைக் காட்டினான். முனிசிபல் கார்டனில் காகிதப்பூ பந்தலுக்கு முன்னால் அம்மா நிற்கிறாள். கிளிப்பச்சையில் பெரிய பெரிய ரோஜா போட்ட நைலக்ஸ் சேலை, பொருந்தாத ஜாக்கெட், தலை வாரவில்லை. நடக்க வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "ஒரு படம் எடுத்துத் தாறியளா" என்று கேட்கிறாள், அவர்களுக்குத் தமிழ் புரியாமல் விலகிப் போகிறார்கள். எனக்குத் தலைக்குள் கொதித்தது. உண்மையை எழுதுகிறேன், அவள் தொலைந்து போகவில்லையே என்ற நிம்மதி அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது மானம் போகிறதே என்ற நினைப்புத்தான். கையைப் பிடித்து இழுத்தேன், "வீட்டுக்கு வா, எல்லாரும் பாக்காங்க" என்றேன். அவள் கையை உதறிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, "இவரு யாரும்மா, எதுக்குக் கையைப் பிடிக்காரு" என்றாள். நாற்பத்து நாலு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் ஸ்ரீதேவி. அப்படி ஒரு கேள்வி அவளிடமிருந்து வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பெண் இரண்டாவது மாடி ஸ்மிதா, நீ பார்த்திருக்க மாட்டாய், நீ போன பிறகு குடிவந்தவள், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, நாற்பது வயசு இருக்கும். பழைய காலத்துப் பூப்போட்ட துணிகளைத் தேடித் தேடி வாங்கி ஃபிராக்காகவும் சேலையாகவும் உடுத்திக்கொண்டு, லீவு நாளில் அந்த கார்டனில் நின்று தன்னைத்தானே படம் எடுத்து நெட்டில் போடுவாள். நல்ல கனத்த உடம்பு, முகம் முழுக்கப் பரு வந்துபோன தழும்பு. அந்த உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்று நானே மனசுக்குள் நினைத்திருக்கிறேன். நம் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தானே, அம்மா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஸ்மிதா என்னிடம் எதுவும் சொல்லாமல் அம்மாவின் தலையைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு, முந்தானையை விரித்துவிட்டு, நாலு படம் எடுத்தாள். பிறகு இந்தியில் என்னிடம் சொன்னாள், இந்த மாதிரி பிரிண்ட் இப்போது தேடினாலும் கிடைக்காது அங்கிள், ஆன்ட்டி எவ்வளவு ஆசையாக நிற்கிறார்கள் பாருங்கள், ஏன் கோபப்படுகிறீர்கள் என்று. படத்தைக் காட்டினாள். அதில் இருந்தவளை எனக்குத் தெரியவில்லை. நேராக நிமிர்ந்து பார்க்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள். நம் வீட்டில் முத்துசெல்வம் கல்யாண ஆல்பத்தில்கூட அம்மா குனிந்த தலையோடுதான் இருக்கிறாள், அதுவும் ஒரு ஓரத்தில்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வெயில் ஏறுமுன் நான்தான் கூட்டிப் போனேன். போனை எப்படிப் பிடிக்க வேண்டும், வெயிலுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஸ்மிதா சொல்லிக் கொடுத்தாள். எந்தச் சேலைக்கு எந்தச் செடி என்று அம்மாவே சொல்லுவாள், மஞ்சளுக்கு இட்லிப்பூ, நீலத்துக்கு வெள்ளை அரளி, நான் மாற்றி நிறுத்தினால் கோபம் வரும். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஸ்டுடியோக்காரர் என்று நினைத்துக்கொண்டாள், அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். கடைக்கு வந்த அத்தனை பேரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அது எனக்கு மரியாதையாக இருந்தது, அவள் வாயில் அதைக் கேட்கிறபோது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் படம் எடுத்தேன், எடுத்து முடித்ததும், "என் வீட்டுக்காரர்ட்ட மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி" என்பாள், தினமும் அதே வார்த்தை. நானும் சொல்லமாட்டேன் என்பேன்.

ஜனவரியில் ஒரு நாள், ஏம்மா, சொன்னா என்ன என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. செம்பருத்தி இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள், "கல்யாணம் ஆன புதுசுல இந்தச் சேலையக் கட்டிக்கிட்டுப் படம் எடுக்கக் கெளம்புனேன், ஊருக்கு அனுப்ப. வாசல்ல அவரோட சேக்காளி ரெண்டு பேரு நின்னாவ. கருங்கல்லுல காகிதப்பூவ ஒட்டுன மாதிரி இருக்குன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். உள்ள போயி மாத்திக்கிட்டேன்." ஸ்ரீதேவி, அதை நான் மறந்தே போயிருந்தேன். மாப்பிள்ளை பெயர், பேரன் பெயர், இப்போது என் முகம் வரை எல்லாவற்றையும் மறந்தவள் அந்த ஒரு வரியைச் சொல் பிசகாமல் வைத்திருக்கிறாள். அப்படிச் சொன்னது தப்பும்மா, அந்த ஆளுக்குப் புத்தி கிடையாது என்றேன். அதற்கு அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்பிடிச் சொல்லாதிய, அவரு நல்லவரு, வெளையாட்டாத்தான் சொன்னாரு, எனக்குத்தான் அது உள்ள போயிட்டு" என்றாள். அந்த இடத்தில் மன்னிச்சிரு என்று சொல்லவேண்டியவன் நான். சொன்னாலும் அது யாரோ ஒரு ஸ்டுடியோக்காரன் சொன்னதாகத்தான் அவளுக்குப் போய்ச் சேரும். இலையைக் கீழே போட்டுவிட்டு, "உங்க வீட்டம்மாவுக்கும் ஆசை இருக்கும்லா, ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரும் சேந்து நிக்கோம்" என்றாள். சரிம்மா, கூட்டி வருகிறேன் என்றேன்.

முப்பது வருஷம் அந்தக் கடையில் நின்று, கறுப்போ சிவப்போ, வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் "உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு தாயி" என்று சொல்லியே விற்றவன் நான். அது முழுக்கப் பொய்யும் இல்லை, பூச்சேலை நன்றாகத்தான் இருக்கும், எல்லாருக்கும். வீட்டுக்குள் அந்த வார்த்தையை ஒரு தடவைகூடக் கொண்டுவரவில்லை. உனக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆண்டு விழா வந்தது, சூரியகாந்தி போட்ட மஞ்சள் துணியைக் கடையில் நீ எடுத்து மேலே வைத்துப் பார்த்தாய், இது உன் நிறத்துக்கு எடுக்காது என்று நான் வாங்கி மடித்து வைத்துவிட்டுக் காப்பிக்கலரில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அம்மா உனக்குக் கடலைமாவு தேய்த்துத் தேய்த்து உன் கன்னம் எரிந்த நாள் எல்லாம் எனக்குத் தெரியும். அவளைத் திட்டாதே, அவள் கேட்ட சிரிப்பு உன் காதில் விழக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்த வழியில் தடுத்திருக்கிறாள்.

நினைவு இருந்தால் ஒத்துக்கொள்வாளா என்று கேட்டாய். ஒத்துக்கொள்ள மாட்டாள். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வேண்டாம் என்கிற சொல் அவளுடையதா, நான் அவள் வாயில் வைத்ததா என்றுதான் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வேண்டாம் என்றவள் அவ்வளவு சேலையை எதற்கு அத்தனை வருஷம் பாச்சை உருண்டை போட்டு வைத்தாள். இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ நிறுத்துங்கள் என்று சொன்ன அன்றைக்கு அது நின்று பத்து நாள் ஆகியிருந்தது, சொல்ல வாய் வரவில்லை. பிப்ரவரியில் ஜுரம் வந்து படுத்தாள், ஜுரம் போய்விட்டது, எழுந்து நடக்கிற சக்தி திரும்பவில்லை. சேலையை எடுத்துக் காட்டினால் பார்க்கிறாள், யாருடையதோ என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கஞ்சி கரண்டி கரண்டியாகத்தான் இறங்குகிறது. டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். ஸ்மிதா வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுப் போகிறாள்.

படங்களைப் பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்த பிறகும் இது தப்பு என்று உனக்குப் பட்டால் கிழித்துப் போடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். லீவு கிடைத்தால் உடனே டிக்கெட் போடு, கிடைக்காவிட்டால் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளாதே. பேரனைத் தமிழில் பேசச் சொல். நீ இத்தனை வருஷமாக அனுப்புகிற படங்களை நேற்று உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன், கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, மாப்பிள்ளையும் பேரனும் இருக்கிறார்கள், நீ ஒன்றில்கூட இல்லை, எடுத்தவள் நீ, அதனால்தான் என்று இதுவரை நினைத்து வந்தேன். பிடித்த துணியை உடுத்திக்கொண்டு நீ நிற்கிற படம் ஒன்று அனுப்பு தாயி. அம்மாவுக்குக் காட்ட இல்லை, அவளுக்கு இனித் தெரியாது. நான் பார்க்கவேண்டும்.

மூன்று பேரும் தீர்க்காயுசோடு, நோய்நொடி இல்லாமல் இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
அய்யாத்துரை