நாற்காலி சொன்ன நிறம்

என்னங்க,

சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். சோறும் தட்டைப்பயிறு குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். கூடத்துச் சுவரைத் தொடாதீர்கள், ஈரம். ஆமாம், க்ரீம்தான் அடிக்கச் சொன்னேன்!

"அடிச்சா ஐவரிதான், இல்லீன்னா செவுரு அப்படியே கெடக்கட்டும்" என்று நேற்றும் குதித்தீர்கள். பெயிண்டர் சித்தனோ, "ஏனுங்கம்மா, எனக்கு ரெண்டும் ஒரே அழுக்கு வெள்ளையாத்தானுங்க தெரியுது, இதுக்கா ஒரு வாரமாச் சண்டை?" என்று சிரிக்கிறார்.

எங்கள் அப்பாவின் ஜவுளிக் கடையில் வந்தவரின் வாயை நம்பமாட்டோம். கை திரும்பத் திரும்ப எந்தத் துணிக்குப் போகிறது என்றுதான் பார்ப்போம். கூடத்து ஜன்னலுக்கு இடப்பக்கச் சுவரில் ஐவரியும் வலப்பக்கச் சுவரில் க்ரீமும் பூசி வைத்து ஆறு நாளாயிற்று. ஆறு நாளும் பேப்பர் படிக்க நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டீர்கள்? க்ரீம் பக்கம்! மூடுபனியில் ஜன்னல் வழியே வெளிச்சமே வராத அன்றைக்கும் அங்கேதான். தோற்றது உங்கள் வாய் மட்டும்தான், வருத்தப்படாதீர்கள்.

மேரி

பி.கு: ஐவரி டப்பாவைப் பெயிண்ட் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆறு நாளும் நான் தையல் மெஷினை ஐவரிப் பக்கமே போட்டிருந்ததைச் சித்தன் கவனித்திருக்கிறார். படுக்கையறைக்கு உங்கள் ஐவரிதான். இருந்தாலும் ஜெயித்தது நான்.