சிவப்புத் தொப்பிகளின் ஏழாம் ஆட்டம்

அக்டோபர் 6, திங்கள்

மழை. வலது கையில் இன்னும் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிண்டியது போல. மணிக்கட்டு நரம்புக்குக் கத்தி வைத்த பிறகு செயற்கைப் பல் செய்யும் லேபில் மூன்று கிழமை லீவு. என் கணவர் பாலன் வேலைக்குப் போய்விட்டால் வீடு வெறிச்சென்று கிடக்கும்.

சுங்க அலுவலகத்தில் சின்னண்ணையின் பார்சல். டொராண்டோவிலிருந்து. அங்கே போக ட்ராம், பிறகு பஸ், பிறகு நடை. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே ஆட்களின் பெயரும் எண்களும் அச்சடித்த அட்டைகள், மூன்று தாயக்கட்டைகள், ஒரு விதிப் புத்தகம். சூதாட்டமா என்று அந்தப் பெண் கேட்டாள். பேஸ்போல் என்றேன். இன்னும் சந்தேகமாகப் பார்த்தாள்.

அண்ணையின் ஏற்பாடு இது. கை சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடிக்குமாம். இது அவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த வருடம் ஒரு நிலவறை அறையில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் முழுதாகப் பார்த்த இறுதித் தொடர். ஏழு ஆட்டம். யார் நாலு வெல்கிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம். அவருடைய சிவப்புத் தொப்பி அணி ஏழாவதில் தோற்றது. அந்த வருடத்து ஆட்களை வைத்து இப்போது அவரும் நானும் தொலைபேசியில் திரும்ப விளையாட வேண்டும். அவர் சிவப்பு. நான் நீலம்.

பாண் முடிந்துவிட்டது. கடைக்குப் போக மறந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் ஆட்டம். நமக்குப் பின்னேரம் நாலு, அவருக்குக் காலை பத்து. பன்னிரண்டுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். மருந்துக் கடைக்கு வான் ஓட்டுகிறார், வயதானவர்கள் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது.

விளங்கிக்கொண்டது: மட்டை பிடிக்கும் அணி மூன்று கட்டைகளையும் உருட்ட வேண்டும். வெள்ளைக் கட்டையில் மூன்று வரை விழுந்தால் அடிப்பவனின் அட்டை, நாலிலிருந்து ஆறு என்றால் எறிபவனின் அட்டை. சிவப்புக் கட்டை இரண்டையும் கூட்டி அந்த வரியைப் பார்த்தால் நடந்தது தெரியும். அவுட், ஓட்டம், அல்லது ஹோம் ரன். ஹோம் ரன் நம்முடைய சிக்ஸர் போல.

விளங்காதது: மற்ற எல்லாம்.

அட்டைகளை எல்லாம் நானே வாசிக்க வேண்டுமாம். அவரிடமும் அதே அட்டைகள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால், தன்னுடையதில் அச்சு மங்கிவிட்டதாம். நான் வாசித்து முடிப்பதற்குள் அவரே சொல்லிவிடுகிறார். முழுவதும் மனப்பாடம். அப்படியென்றால் நான் எதற்கு?

தோல்வி. 7க்கு 2. இடது கையால் உருட்டியதில் ஒரு கட்டை சோபாவுக்குக் கீழே. குனிந்து தேடும்போது தொலைபேசியில் அவர் சிரிப்பு.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாவது ஆட்டம். 4க்கு 3, நான் வென்றேன். சந்தோஷப்பட விடவில்லை. என் எறிபவனை ஆறாவது இன்னிங்ஸில் மாற்றியிருக்க வேண்டுமாம், வென்றது வெறும் அதிர்ஷ்டமாம். அரை மணி நேரம் விளக்கம். கீழே ஒருவன் இலை ஊதும் இயந்திரத்தோடு. ஒரு காதில் அது, மறு காதில் அண்ணை.

மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். இசை. பிறகும் இசை.

பாலன் சோறு வடித்தார். களி.

அக்டோபர் 11, சனி

காலையில் அபி எடுத்தாள், அண்ணையின் மகள். ஒட்டாவாவில் வேலை, தகப்பனிடமிருந்து நாலு மணி நேரக் கார் ஓட்டம். அண்ணி இறந்த பிறகு அண்ணை அங்கே தனியத்தான். போன கிழமை அப்பா வானைப் பின்னுக்கு எடுத்துச் சுவரில் இடித்துவிட்டாராம், என்னோடு அடிக்கடி கதைக்கிறாரே, ஆள் எப்படி என்று கேட்டாள். நல்ல தெம்பாக இருக்கிறார், என்னை ஏசிக்கொண்டே இருக்கிறார் என்றேன். சிரித்தாள்.

தொலைபேசித் திரையில் எதுவும் தெரியவில்லை என்று பாலனிடம் முறையிட்டேன். ஏதோ வயர் வாங்கி வந்து அழைப்பைத் தொலைக்காட்சியில் தெரிய வைத்தார். அரை நாள் போயிற்று. ஆனால் வேலை செய்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

மூன்றாவது ஆட்டம். தோல்வி. 6க்கு 5.

எரிச்சலாக இருக்கிறது, எழுதிவிட்டுப் படுத்தால் நல்லது.

அண்ணை ஒரு தட்டில்தான் கட்டைகளை உருட்டுவார். இன்றைக்குப் பெரிய திரையில் அந்தத் தட்டு முதல்முறையாக வடிவாகத் தெரிந்தது. எட்டாவது இன்னிங்ஸ். வெள்ளை ரெண்டு, கூட்டல் பத்து என்றார். அது அவருக்கு இரண்டு ஓட்டம். திரையில் வெள்ளைக் கட்டையில் ஐந்து புள்ளி. என் கண் பிழையோ என்று பார்ப்பதற்குள் கட்டைகளை அள்ளிவிட்டார். பிறகு இன்னொரு தரம். அதுவும் அவர் சொன்னது இல்லை.

அளாப்புகிறார், கள்ள விளையாட்டு. அறுபத்து மூன்று வயதில், தாயக்கட்டை விளையாட்டில், தங்கையோடு.

பாலனிடம் சொன்னேன். விளையாட்டுத்தானே, விடு என்றார். விளையாட்டு என்றால் இவ்வளவு எரியக் கூடாது. அந்தச் சுங்க அலுவலகம், அந்த பஸ், இந்தக் கை, எல்லாம் இதற்குத்தானா?

அக்டோபர் 14, செவ்வாய்

தையல் வெட்டினார்கள். ஒரு பென்சிலைக்கூட இறுக்கிப் பிடிக்க ஏலவில்லை. டாக்டர் பொறுமை என்கிறார்.

நாலாவது ஆட்டம். 8க்கு 1, நான் வென்றேன். இரண்டுக்கு இரண்டு. ருசியே இல்லை. நடுவில் கேட்டுவிட்டேன்.

"சின்னண்ணை, தட்டிலை விழுறது ஒண்டு, நீங்கள் சொல்லுறது வேறை. எனக்குத் தெரியுது."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"ஓம். அளாப்பினனான்தான். விடு" என்றார். "விளையாடு."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, சமாளிப்பு இல்லை. கள்ளம் பிடிபட்டவன் இப்படியா இருப்பான்? ஆட்டம் முடியும் வரைக்கும் தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

அக்டோபர் 16, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஐந்தாவது ஆட்டம். நான் அட்டையைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது இன்னிங்ஸ், அவருக்கு இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள், மட்டையில் அவருடைய பெரிய ஆள். உருட்டினார். வெள்ளை ஒன்று. சிவப்பு இரண்டும் சேர்ந்து ஐந்து. எனக்கே தெரியும், அது ஹோம் ரன். மூன்று ஓட்டம்.

"வெள்ளை நாலு. கூட்டல் எட்டு" என்றார். அது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்.

தனக்கு எதிராக யாராவது அளாப்புவார்களா?

திரும்பச் சொல்லச் சொன்னேன். கட்டைக்கு மேல் குனிந்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நாலு, எட்டு என்றார் திரும்பவும், எரிச்சலோடு.

"அண்ணை, அது நாலு இல்லை. ஒண்டு."

தட்டைத் தள்ளி வைத்தார்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். வசந்த காலத்திலிருந்தாம். இரண்டு கண்ணிலும் நடுவில் புகை மாதிரியாம், ஓரத்தால் எல்லாம் வடிவாகத் தெரியுமாம். டாக்டரிடம் ஒரு தரம் போனாராம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று சொன்னதற்குப் பிறகு போகவில்லையாம். அட்டை அச்சு மங்கவில்லை. அட்டைகளை அவர் வாசித்தே மாதக்கணக்கு.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மணி அங்கே பதினொன்றே முக்கால்.

"இப்ப வான் ஓடப் போறியளோ?"

"வான் எனக்குப் பழக்கம். ரோட்டும் பழக்கம்."

"ரோட்டிலை நடக்கிற ஆக்கள்?"

சட்டை மாற்றும் சத்தம். "அபிக்குச் சொல்லாதை, வசந்தி. அவள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வைச்சிருப்பாள். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். அண்ணை என்னிடம் எதையும் கேட்டு நான் அறியேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பவும். திரும்பவும்.

சமையலறைக்குப் போனேன், வந்தேன். கேத்தலை வைத்தேன், தண்ணீர் ஊற்றவில்லை.

அபிக்கு எடுத்தேன்.

அவள் அழவில்லை. சுவர், என்று மட்டும் சொன்னாள். மருந்துக் கடைக்குத் தான் எடுப்பதாகச் சொன்னாள். அவள் எடுத்தபோது அவர் ஏற்கெனவே மருந்துகளோடு புறப்பட்டுவிட்டாராம். வானில் இருக்கும்போது தொலைபேசியை அமத்தி வைப்பாராம், பாதுகாப்பாம்.

பாலன் வந்து பார்த்தபோது நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன், வெறும் திரை. விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் வந்து இருந்தார்.

இருட்டிய பிறகு அபியின் செய்தி. அப்பா கடைக்குத் திரும்பிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் வான் திறப்பை வாங்கி வைத்துவிட்டார், இனி அவர் ஓட முடியாது. அவள் காரில் அவரிடம் போய்க்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில், குளிர். அண்ணையிடமிருந்து ஒரு குரல் செய்தி. "நல்ல வேலை செய்தாய்." அவ்வளவும்தான். ஐந்து தரம் கேட்டேன், வேறு ஏதாவது தொனி இருக்கிறதோ என்று. இல்லை.

வேலை போய்விட்டது அவருக்கு. என்னால்.

யாரையாவது மோதியிருந்தால்? அப்போதும் என்னால். எந்தப் பக்கம் உருட்டினாலும் எனக்கு அதே வரி.

அக்டோபர் 19, ஞாயிறு

எடுக்கவில்லை. அண்ணையும் எடுக்கவில்லை. சமைக்கவில்லை. அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். வலது கையால் தூக்கினேன், சுள் என்றது.

பாலன் கேட்கிறார், நீ செய்தது சரிதானே, பிறகு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று. சரியானதைச் செய்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அக்டோபர் 21, செவ்வாய்

பின்னேரம் நாலுக்கு மணி அடித்தது. அண்ணை. முகத்தைக் காட்டவில்லை, கூரைதான் தெரிந்தது. பின்னால் அபி பாத்திரம் கழுவும் சத்தம், இரண்டு கிழமை லீவு போட்டு நிற்கிறாள்.

சுகம் விசாரிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் தான் எழும்பிப் போனபடியால் அது நீலத்துக்கு என்றார். மூன்றுக்கு இரண்டு. பிழையாகச் சொன்ன ஆட்டங்களை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம் என்றேன். ஏலாது என்றார். நடந்தது நடந்ததுதானாம். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கால் மணி நேரம் இதே சண்டை. கடைசியில் நான்தான் விட்டேன்.

இனி இரண்டு பக்கத்துக்கும் நான் உருட்ட வேண்டும். அவர் யார் அடிப்பது, யார் எறிவது என்று மட்டும் சொல்வார்.

ஆறாவது ஆட்டம். 3க்கு 2, சிவப்பு வென்றது. மூன்றுக்கு மூன்று. "சரி" என்றுவிட்டு வைத்துவிட்டார். அபியாவது ஒரு சொல் கதைத்திருக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

காப்புறுதிக்காரர்கள் கடைசியில் எடுத்தார்கள். ஒரு தாள் குறைகிறதாம். அனுப்பிய தாள்தான். திரும்ப அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஏழாவது ஆட்டம்.

தொடங்க முன்னர் அபி திரைக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். அடுத்த கிழமைக்குள் கண் வைத்தியரிடம் திகதி கிடைக்குமா என்று பார்க்கிறாளாம். இதுவரை போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று தொலைபேசியில் சொன்னார்களாம். அண்ணை பின்னாலிருந்து, கதைத்தது போதும், அவள் உருட்டட்டும் என்றார்.

அவர் தன் எறிபவனை ஏழாவது இன்னிங்ஸ் தாண்டியும் வைத்திருந்தார். ஆள் களைத்துவிட்டான், விதிப்படி இனி அவனை அடிப்பது லேசு. மாற்றுங்கோ என்றேன். மாட்டாராம். எட்டாவதில் நான் இரண்டு ஓட்டம் எடுத்தேன். 5க்கு 4, நீலம் முன்னால். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. சொல்வழி கேட்காத மனிதன்.

ஒன்பதாவது. கடைசி வாய்ப்பு. சிவப்புக்கு இரண்டு பேர் அவுட், ஒருவன் ஓடத் தயார். மட்டையில் பெரிய ஆள். ஹோம் ரன் என்றால் அவர் வெல்கிறார், அவுட் என்றால் முடிந்தது. அவர் எழும்பி நின்றதைத் திரையில் பார்த்தேன்.

உருட்டினேன். வெள்ளை ஒன்று. அவனுடைய அட்டை. சிவப்பு நாலும் இரண்டும். ஆறு. ஐந்துக்கு ஹோம் ரன். ஆறுக்கு உயர அடித்துப் பிடிபடுகிறான்.

ஒரு புள்ளி.

அவருக்குத் தெரியாது. அபி கூடத்தில் இல்லை. பாலன் வேலையில்.

"என்ன விழுந்தது?"

"வெள்ளை ஒண்டு. கூட்டல் ஆறு" என்றேன். "அவுட், அண்ணை."

இருந்தார். கதிரை கிரீச்சிட்டது.

"அஞ்செண்டு சொல்லியிருக்கலாம் நீ."

"ஓம்."

"நான் நம்பியிருப்பன்."

"தெரியும்."

அழுகிறாரோ என்று பார்த்தேன், அழவில்லை. கையால் மேசையைத் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டார், போட்டும் பலன் இல்லை என்று கழற்றி வைத்தார்.

"கோவம் இன்னும் போகேல்லை" என்றார். "நாளைக்குக் கூப்பிடாதை. திங்கக்கிழமை கூப்பிடு."

திங்கள் எனக்கு வேலை தொடங்குகிறது. ஞாயிறு இங்கே குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ள வேண்டும், அங்கே அதற்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. நான் வீட்டுக்கு வரும்போது அவருக்கு எத்தனை மணி என்று கணக்குப் பார்க்க வேண்டும்.