பாப்பாவின் துணி கருத்த காரணம்

தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

திருப்பதியிலிருந்து உன் அக்கா சிவசங்கரி எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. பத்து நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழுகிறது. அதனால்தான், லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் உன் கூட்டாளி வேதாச்சலம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

பாப்பாவின் மூத்திரத் துணி சற்று நேரத்தில் கருத்துப்போகிறது என்பதற்காக, அம்மா உன் பெண்டாட்டி தரணியையும் பாப்பாவையும் குடிபாலாவுக்கு, அவள் தாய்வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டு இரண்டு மாதமாகிறது. “புள்ள வயித்துல இருக்கசொல்ல இவ இன்னாத்த துன்னுத் தொலைச்சாளோ, அவங்க வூட்டு ரத்தமே சரியில்ல” என்று நம் ஊர் விஜயபுரம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். நீயும், அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வரி அனுப்பினாயாமே. வெட்கமாக இல்லையா உனக்கு?

என் மேலும் எனக்குக் கோபம்தான். தரணி முதலில் துணியைக் காட்டியது என்னிடம். நல்ல சோப்பாகப் போட்டுத் துவை என்றேன். சோப்புப் பட்டதும் கறை இன்னும் கருத்தது. அதைத்தான் அம்மா ஏதோ தோஷம் என்று பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக இதே கருப்பு நிறத்தை ஆராய்ச்சி லேபில் பார்க்கிற எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நம் வேர்க்கடலை நிலத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவை நான் வளர்ப்பது உனக்குத் தெரியும். புரதத்தில் டைரோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. பாக்டீரியா அதைப் படிப்படியாக உடைத்துத் தின்னும். நடுவில் ஒரு படிக்கான என்சைம் என்னுடைய பாக்டீரியாவில் கெட்டுப்போயிருக்கிறது. அதனால் பாதி உடைந்த பொருள் தேங்கி வெளியே கசிகிறது. காற்றுப் பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து கருப்பு மெலனின் ஆகிறது. போன மாதம் அது வளரும் தண்ணீரில், சோப்பைப் போலவே காரத்தன்மையுள்ள சோடா உப்பைக் கொஞ்சம் சேர்த்தேன். மளமளவென்று கருத்தது. சோப்புப் பட்ட துணி கண்முன் வந்தது. அன்றே சித்தூர் பஸ் பிடித்துக் குடிபாலா போனேன்.

பாப்பாவை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பாப்பாவின் உடம்பிலும் அதே என்சைம் வேலை செய்யவில்லை. இப்போது ஆபத்து ஒன்றுமில்லை, பெரியவளானபின் மூட்டுவலி வரலாம், டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறேன்.

இப்போது நன்றாகக் கேள். பாக்டீரியாவுக்கு அந்த ஜீன் ஒன்றே ஒன்று. அது கெட்டால் போதும். மனுஷருக்கு இரண்டு. தாய் தருவது ஒன்று, தகப்பன் தருவது ஒன்று. இரண்டுமே கெட்டிருந்தால்தான் துணி கருக்கும். தரணி ஒன்று கொடுத்தாள், நீ ஒன்று கொடுத்தாய். அவங்க வூட்டு ரத்தம் என்கிறாளே அம்மா, அது யார் வீடு? தரணி, நம் அம்மாவின் சொந்தத் தம்பி மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிவைத்தவளும் அம்மாதான். மாமா வழியாகத் தரணிக்கு ஒன்றும் அம்மா வழியாக உனக்கு ஒன்றும் வந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். என்னிடமும் இருக்கலாம். இதை அம்மாவிடம் சொன்னேன். “படிச்ச திமிரு” என்று எழுந்து போய்விட்டாள்.

தரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்ப நானும் பாப்பாவும் வூட்டுக்கு வரலாமா அண்ணி?” என்றாள். தன் வீட்டுக்கு வர என்னிடம் அனுமதி கேட்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். அம்மாவையும் லைனில் வைத்துக்கொண்டு செய். பாப்பா பிறந்த அன்று, “மூக்கு அப்டியே என் புள்ள மூக்கு” என்று அம்மா ஆஸ்பத்திரியே கூடும்படி சத்தம் போட்டாள். நீயும் வீடியோவில் பூரித்துப்போய்ச் சிரித்தாய். மூக்கை உன்னுடையது என்று ஏற்றுக்கொண்டாய் அல்லவா, இதையும் ஏற்றுக்கொள் தம்பி. மூவரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
சிவசங்கரி